இந்தியாவில் தேதி பிசகாதா? பிசகும்!

பெங்களூரு தமிழ் ஐடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்: "நம்ம நாட்டில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தேதி-நேரத்தை எழுத்தாக மாற்றும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) கட்டளை தருவதில் முதல் 10 எழுத்தை வெட்டினால் இன்றைய தேதி."

முதல் வரி சரி. முடிவு தவறு.

அந்தக் கட்டளை தருவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். எனவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நேற்றைய தேதிதான் வரும். ஒயிட்ஃபீல்டு ஐடி அலுவலகங்களில் பட்டப்பகலில் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

தேதியைத் தேர்வுசெய்யும் பெட்டிகளில் இன்னும் மோசம். பல பெட்டிகள் உள்ளூர் நள்ளிரவைத் தருவதால், ஆகஸ்ட் 15-ஐச் சொடுக்கினால் அது யூடிசிக்கு மாறும்போது ஆகஸ்ட் 14, 18:30 என்று பதிவாகும்; பகலில் சொடுக்கினாலும் இதே கதைதான்.

பிறந்தநாள், விடுப்பு போன்றவற்றுக்கு உள்ளூர் நேரப்படி ஆண்டு, மாதம், நாளைத் தரும் கெட்ஃபுல்இயர் (getFullYear), கெட்மன்த் (getMonth), கெட்டேட் (getDate) மூன்றையும் கோத்துத் தேதியை எழுதுங்கள். மாதம் 0-வில் தொடங்குவதால் அதற்கு மட்டும் 1 கூட்டவேண்டும்.