24,000 ரூபாயில் எத்தனை மாதம் வாடகை கட்டலாம்?

வட சென்னையில் பழைய போர்டு வீடுகளை, அதாவது அரசின் குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகளை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். இடிக்க வேண்டிய வீடுகள்தாம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். விரிசலைப் பார்த்து மக்கள் முன்னதாகவே இறங்கி வந்ததால்தான் ஓர் உயிரும் போகவில்லை. கம்பி துருப்பிடித்துத் தொங்கும் கூரைக்குக் கீழே பிள்ளைகளைத் தூங்க வைக்கும் தாயிடம் போய், இடிக்க விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் கேட்பது ஒன்றுதான். வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து புது வீட்டுச் சாவி கைக்கு வரும் நாள்வரை அந்தக் குடும்பத்தின் வாடகையை யார் கட்டுவது?

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (நம் பக்கத்தில் இன்றும் குடிசை மாற்று வாரியம்தான்) மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யும் குடும்பத்துக்கு முன்பு ஒரு முறை மட்டும் 8,000 ரூபாய் கொடுத்து வந்தது. அதை 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு என்று கேட்டபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். இரண்டு ஆண்டு இழுத்தால் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு வட சென்னையில் வீடு கிடக்கட்டும், சைக்கிள் நிறுத்த ஒரு திண்ணை கிடைக்குமா?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். அவர் குடியிருந்த பிளாக்கைக் காலி செய்யச் சொன்னபோது அவருடன் கொருக்குப்பேட்டையில் வீடு தேடி அலைந்தேன். முதல் வீட்டில், மீன் கூடை வாசற்படி தாண்டக் கூடாது என்றார்கள். அடுத்த வீட்டில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, ஐந்து என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே சமையல் மேடை வைத்த ஒற்றை அறை. வாடகை 7,000, முன்பணம் 50,000. வாரியத்தின் பணம் முன்பணத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. மிச்சத்துக்குக் காதில் கிடந்ததைக் கழற்றி வண்ணாரப்பேட்டை அடகுக் கடையில் வைத்தார். போதாததற்கு, தினமும் வசூலிக்கும் தண்டல் கடனும் எடுத்தார்.

வாடகையோடு முடிந்துவிடவும் இல்லை. போர்டு வீட்டில் மின் இணைப்பு அவர் பெயரில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டில் தனி மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் போட்டு வாங்குகிறார் வீட்டுக்காரர். தண்ணீருக்குத் தனிக் காசு. எந்தக் கணக்கிலும் எழுதப்படாத இந்தச் செலவுகள்தாம் குடும்பத்தைக் கடனில் இறக்குகின்றன.

வாடகை குறைவான இடத்துக்குப் போகலாமே, மீஞ்சூர் பக்கம் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். விடிவதற்கு முன் காசிமேட்டு மீன் ஏலத்தில் நிற்க வேண்டியவர் மீஞ்சூரிலிருந்து எப்படி வந்து சேர்வார்? துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், பாரிமுனைக் கடைகளில் நிற்பவர், வீட்டு வேலைக்கு நடந்தே போகிறவர் எல்லாரும் வேலைக்கு அருகில் வீடு இருப்பதால்தான் பிழைக்கிறார்கள். நகரின் தென்கோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலையை இழந்ததும், பிள்ளைகளின் படிப்பு நடு ஆண்டில் நின்றதும் நாம் பார்த்ததுதானே.

முன்பணம் பற்றிச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் நிறைவேறி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாகச் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவில் வழியும் விட்டிருக்கிறது. நாளைக்குள் சாமான்களை இறக்கியாக வேண்டிய குடும்பம் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளாது?

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வீட்டுவசதி ஆணையம் உண்டு. 1974 முதல் அங்கே நடைபெறும் வாடகை உதவித் திட்டத்தில், குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டுகிறது. மீதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஆணையம் நேராக வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. அந்த வரம்பு, ஒவ்வொரு பகுதியிலும் நிலவும் வாடகையை ஆண்டுதோறும் கணக்கெடுத்து அரசு வெளியிடும் தொகையை ஒட்டி வைக்கப்படுகிறது. இதைவிட என்னை ஈர்த்தது வேறொன்று. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணையம் தன் திட்டத்தை எழுத்தில் வைக்க வேண்டும். குடியிருப்போரைக் கொண்ட ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்க வேண்டும். 45 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கும் எல்லாம் சரியாக இல்லை. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது, மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இருந்தாலும் எவ்வளவு கிடைக்கும், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது காகிதத்தில் இருக்கிறது. கையில் காகிதம் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இங்கே கிடைக்கும் காகிதம் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மட்டும்தான். அதில் தேதி இருக்கும். வீடு என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற தேதியைக் கேட்டால் வாய்மொழிதான்.

மாதாமாதம் கொடுப்பது நிர்வாகத்துக்குக் கடினம் என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை செலுத்துகிற அரசு இது. மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு வாழ்வாதார உதவி கொடுத்த அனுபவம் இதே வாரியத்துக்கு உண்டு. ஒரு திட்டப் பகுதியில் காலி செய்யும் சில நூறு குடும்பங்களுக்கு, அந்தந்தப் பேட்டையின் வாடகையைப் பார்த்து ஒரு தொகையை நிர்ணயித்து, சாவி கொடுக்கும் மாதம்வரை அனுப்ப முடியாதா? கட்டுமானம் தாமதமானால் ஒப்பந்ததாரரிடம் பிடிக்கும் அபராதத்தை இந்த வாடகைக்கே திருப்பலாம். முன்பணத்தை வாரியமே வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, குடும்பம் காலி செய்யும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இது வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை 2021-இல் பார்த்தோம். வாடகையும் வட்டியும் கழுத்தை நெரிக்கும் குடும்பம், எப்படிக் கட்டிக் கொடுத்தாலும் போதும் என்று குடியேறிவிடும். வாடகைக்குக் கவலை இல்லாத குடும்பம்தான், சுவரைத் தட்டிப் பார்த்து, சரிசெய்து கொடுங்கள் பிறகு வருகிறோம் என்று சொல்லும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, யாருக்குக் கொடுப்பது என்பது. ஒதுக்கீட்டு ஆணை தாத்தா பெயரில் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருக்கும். இருநூற்றுச் சொச்சம் சதுர அடியில் மூன்று மகன்களின் குடும்பங்கள் இருக்கும். இடிக்கும்போது மூன்று குடும்பமும் தெருவுக்கு வருகிறது, பணமோ ஒரு வீட்டுக்குத்தான். போர்டு வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஒதுக்கீடு பெற்றவர் பணத்தை வாங்கிக்கொள்வார், பத்து ஆண்டாக அங்கே குடியிருந்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அந்த வாடகை முறையே விதிமீறல் என்பார்கள். விதியை மீறியது வீட்டை வாடகைக்கு விட்டவர். அங்கே குடியிருந்தவர் வேறு வீடு கிடைக்காததால்தான் வந்தார். வாடகை உதவி, ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவருக்கு மட்டும் என்று இல்லாமல், கணக்கெடுப்பு நாளில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது வீடு யாருக்கு என்ற வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய பிளாக்குகளில் குடியிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 2022 முதல் வார்டுகளில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். மாத வாடகை எவ்வளவு, எந்த மாதம்வரை, தாமதமானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் மனுவாக எழுதிக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மனு எழுதத் துணை வேண்டுமானால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வருகிறேன்.