சீந்தில் மருந்துங்க, ஜூஸ் இல்ல

ஞாயித்துக்கிழமை காலைல பார்க் வாசல்ல நடந்தத பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருக்கீங்க. அங்க இருந்தவங்களுக்கு தெரியும், நான் சத்தம் போடல, சீந்தில் ஜூஸ் விக்கிற வண்டிக்காரர திட்டவும் இல்ல. அந்த மனுஷன் விடியறதுக்கு முன்னாடி எழுந்து அரைச்சு கொண்டு வர்றார். நான் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, இது எந்தக் கொடி, எங்க வெட்டினது?" அவர் வாய் திறக்கறதுக்குள்ள பின்னாடிருந்து "மருந்து கம்பெனிக்காரன் வந்துட்டான்டா"ன்னு ஒரு குரல். ரெண்டு வருஷமா என்கூட நடக்கிற குரல். அதான் வலிக்குது.

மறுபடியும் சொல்றேன். சீந்தில் மருந்து. ஜூஸ் இல்ல. தினம் வெறும் வயித்துல ஒரு டம்ளர்னு வருஷம் பூரா ஊத்திக்கிற சாமான் இல்ல.

சீந்தில் மேல எனக்கென்ன பகை? எங்க ஊர் வீட்டு வேப்பமரத்துல ஏறிக் கிடந்த கொடி அது. தோல் காகிதம் மாதிரி உரியும், மேலருந்து நூல் நூலா வேர் தொங்கும், தண்ட குறுக்க வெட்டினா வண்டிச் சக்கரம் மாதிரி ஆரம் தெரியும். காய்ச்சல் விட்டு விட்டு அடிச்சா அப்பாயி அதுல ஒரு சாண் நறுக்கி இடிச்சு கஷாயம் வைக்கும். மூணு நாள். காய்ச்சல் விட்டதும் கஷாயமும் நின்னுடும், மிச்சக் கொடி மரத்துலயே கிடக்கும், யாரும் தொட மாட்டோம்.

அப்புறம் கொரோனா வந்துச்சு. எங்க அத்தை தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, எதிர்ப்பு சக்திக்குன்னு 2020 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஒரு நாள் விடாம குடிச்சாங்க. பொங்கல் அன்னிக்கு வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிந்தாங்க பாருங்க, அந்த வெளிச்சத்துல கண்ணு ரெண்டும் மஞ்சக் கிழங்கு. ஆஸ்பத்திரில மூணு தடவ கேட்டாங்க, "வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களா"ன்னு. மூணு தடவையும் இல்லன்னாங்க. பொய் சொல்லல, அவங்க மனசுல அது மருந்தே இல்ல! வைரஸ் டெஸ்ட் எல்லாம் எடுத்து ஒண்ணும் தெரியாம முழிச்சுட்டு இருந்தப்ப, நாலாம் நாள் மாமா அதே ஜூஸ ஃபிளாஸ்க்ல கொண்டு வந்து ஊத்திக் குடுக்கறத ஒரு நர்ஸ் பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் பயாப்சி, ஸ்டீராய்டு. கண்ணு வெளுக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

"உங்க அத்தை ஒருத்தருக்கு வந்தா ஊருக்கே வருமா"ம்பீங்க. மும்பைல அதே 2020 செப்டம்பர்லருந்து டிசம்பருக்குள்ள இந்த மாதிரி 6 பேர பாத்து டாக்டர்கள் எழுதினாங்க. 2022ல பல ஊர் ஆஸ்பத்திரிகள்லருந்து 43 பேர் கணக்கு வந்துச்சு. நிறைய பேருக்கு எதிர்ப்பு சக்தியே திரும்பி சொந்தக் கல்லீரல தாக்கற மாதிரியான பாதிப்பு. குடிக்கிற எல்லாருக்கும் வராது, கொஞ்சப் பேருக்குத்தான், ஆனா அந்தக் கொஞ்சப் பேர் யாருன்னு ஜூஸ் வண்டிக்கு எப்படிங்க தெரியும்?

"ஆயுஷ் அமைச்சகமே மறுத்துச்சே." ஆமா, மறுத்துச்சு. சீந்தில் பாதுகாப்பானது, அதே சாயல்ல இருக்கிற டினோஸ்போரா கிறிஸ்பாங்கிற வேற கொடியோட குழப்பிக்காதீங்கன்னாங்க. அந்த கிறிஸ்பா தண்டுல மரு மரு மாதிரி முடிச்சு இருக்கும், வெட்டினா பால் வடியும். சரி, அதையே எடுத்துக்கறேன். இலை ரெண்டுக்கும் வெத்தல மாதிரிதான். அரைச்சு பச்சைத் தண்ணியா டம்ளர்ல வந்ததுக்கப்புறம் எது எதுன்னு யார் கண்டுபிடிக்கறது? அதுக்குத்தானே கேட்டேன் எந்தக் கொடின்னு!

"பாராசிட்டமால் கூடத்தான் கல்லீரல கெடுக்கும்." கெடுக்கும். அதனாலதான் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல கூடாதுன்னு அளவு வச்சிருக்காங்க. இந்த டம்ளருக்கு அளவு வச்சது யாரு?

இதுல நான் சித்த மருத்துவத்துக்கு எதிரியாம். பாளையங்கோட்டைல 1964லருந்து காலேஜ் நடக்குது, அஞ்சரை வருஷம் படிக்கிறாங்க. என் முழங்கால் வலிக்கு நானே தாம்பரம் சானடோரியத்துல இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத்தான் போனேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேட்டு, பத்தியம் சொல்லி, எத்தன நாள்னு எழுதித்தான் குடுத்தாங்க. அவங்க நாள் கணக்கு வச்சுக் குடுக்கறாங்க, நீங்க கணக்கே இல்லாம குடிக்கறீங்க, ஆனா மதிக்காதவன் நானு.

அன்னிக்கு என் பக்கத்துல ஒரு அக்கா நின்னுட்டு இருந்தாங்க. எங்க அத்தை மாதிரியே, எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரைய போட்டுட்டுத்தான் வாக்கிங் வருவேன்னு முன்னாடி ஒரு தடவ சொன்னவங்க. கையில பாதி குடிச்ச டம்ளர். எல்லாரும் சிரிச்சப்ப அவங்களும் சிரிச்சுட்டு மீதியக் குடிச்சாங்க. என்னைப் பாத்து சொன்ன வார்த்தை கூட மறந்துடும் போலருக்கு, அந்த டம்ளர் போக மாட்டேங்குது.

அக்கா, என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். அடுத்து உங்க டாக்டர பாக்கறப்ப இதையும் சேத்து சொல்லுங்க. எத்தன மாசமா, எவ்ளோன்னு. என் நம்பர் வாக்கிங் குரூப்ல இருக்கு.