தேங்க்யூ ஸ்லைடு எங்கேன்னு கேட்டீங்களே சார்!

நேத்து நான் ஒரு வீடியோ பகிர்ந்தேன்: காலேஜ் செமினார்ல ஒரு பையன் கிணத்துத் தண்ணி உப்பைப் பத்திப் பேசறான், சார் அதை விட்டுட்டு லோகோ, ஷூ, தேங்க்யூ ஸ்லைடுன்னு கேக்கறாரு. அதுக்குக் கீழ "ரெண்டு பக்கமும் பாக்கணும்ங்க"ன்னு எழுதுன நல்லவங்களுக்குத்தான் இது. பாத்துட்டேனுங்க. ஒரு பக்கம் வெயில்ல தோட்டந்தோட்டமா அலைஞ்சு தண்ணி புடிச்ச பையன். இன்னொரு பக்கம் காலேஜ் லோகோ வலது மூலையில இருக்கோணுமா இடது மூலையிலயான்னு ஆராய்ச்சி பண்ணுன பெரிய மனுசர். போதுமுங்களா?

என் பேச்சு ஒண்ணுதான். அந்த ஹால்ல ஒருத்தராவது அவன் சொன்ன விசயத்தப் பத்தி ஒரு கேள்வி கேட்டீங்களா?

எங்க வீதிப் பையன். அவங்கப்பா தறி ஓட்டறவரு. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ கிணத்துலயும் போர்லயும் உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுதான் அவன் எடுத்துக்கிட்ட வேலை. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். அது 1992ல பாசனத்துக்குன்னு வந்த அணை. திருப்பூர்ச் சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல வந்து அங்க தேங்கி, "தயவு செஞ்சு தண்ணிய விடாதீங்க"ன்னு விவசாயிகளே கேக்கற நிலைமைக்குப் போச்சு. 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். பருத்தியில சாயம் ஏற உப்புப் போட்டாகணும். ஏறுன பொறவு அந்த உப்பு துணியில நிக்காது, தண்ணியோடதான் போகும். கலரை எடுத்துரலாம். கரைஞ்ச உப்பை எடுக்கறதுதான் பெரும்பாடு.

அவன் கூட ஒரு நாள் நானும் போனேன். தண்ணியில கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காட்டற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், பழைய தண்ணி பாட்டிலுக. அந்தந்தக் கிணத்துத் தண்ணியிலயே பாட்டிலை அலசி ஊத்திட்டுத்தான் புடிப்பான். பாட்டில் கழுத்துல பிளாஸ்திரி ஒட்டி, யார் தோட்டம், என்ன தேதின்னு எழுதுவான். ஒரு தோட்டத்து ஆத்தா, "மோட்டாரப் போட்டு சித்த நேரம் ஓடட்டும் கண்ணு, குழாய்ல நின்ன தண்ணியப் புடிக்காத"ன்னு சொன்னாங்க. போர் தண்ணியில சாம்பிள் எடுக்கறதுக்கு முறையே அதுதானுங்க. அதையும் ஸ்லைடுல போட்டு, "ஒரு ஆத்தா சொன்னாங்க"ன்னு சொன்னான் பாருங்க, அங்கதான் ஹாலே சிரிச்சுது. வீடியோவுல கேக்குது. சாரும் சிரிச்சாரு.

பொறவு அந்தப் பட்டை வரைபடம். குடிதண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லாட்டி 2000 வரைக்கும்னு இந்தியத் தர அளவு. 2000ல சிவப்புக் கோடு போட்டிருந்தான். பட்டைகள்ல பாதி அதுக்கு மேல நிக்குது. அது திரையில இருக்கறப்பத்தான் சார் லோகோவப் பத்திக் கேக்கறாரு. அடுத்து ஷூ. அடுத்து தேங்க்யூ ஸ்லைடு.

கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாமயா போச்சு? மீட்டர் சரியாக் காட்டுதான்னு காலிபரேட் பண்ணினியா? மழைக்கு முந்தி எடுத்ததா, பிந்தி எடுத்ததா? அந்த மீட்டர் தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பாத்துக் கணக்குச் சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாதே, அப்பறம் அது சாயத்து உப்புன்னு எப்படி முடிவு பண்ணுன? ஆத்தை விட்டுத் தள்ளி இருக்கற கிணறு ஒண்ணு ஒப்பிடறதுக்கு எடுத்தியா? இதுல ஒண்ணக் கேட்டிருந்தா அவன் திணறியிருப்பான். திணறட்டுமே! அதுக்குத்தான செமினாரு?

நாங்க படிக்கறப்ப ஓஎச்பி ஷீட்டு, அதான் மார்க்கர்ல எழுதி வெளிச்சத்துல திரையில காட்டற பிளாஸ்டிக் தாளு. மார்க்கர் ஈரம் காயறதுக்குள்ள கை பட்டா அழிஞ்சு போகும். நான் ஈரோட்டு மஞ்சள் ஏலத்தப் பத்திப் பேசுனேன். எங்க வாத்தியார் பாதியில நிறுத்தி, "விரலி விலையும் கிழங்கு விலையும் தனித்தனியா எடுத்தியா, கலந்துட்டியா?"ன்னாரு. தனித்தனியாத்தான் எடுத்திருந்தேன். நோட்டைக் காட்டுனேன். அவரு மேடையில இருந்து எறங்கி வந்து முதல் பெஞ்சுல உக்காந்து, "ம், இப்பச் சொல்லு"ன்னாரு. நான் என்ன சட்டை போட்டிருந்தேன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் ஞாபகம் இல்ல.

"அறுபது பேரு பேசோணும், சாருக்கு ஏது நேரம்"கறீங்க. ஷூவப் பத்திப் பேச நேரம் இருந்துச்சுங்களே.

"ஃபான்ட் பொடிசு, ஒரே ஸ்லைடுல பத்து வரி"ங்கறீங்க. சரி, அது குறைதான். நானும் சொன்னேன், கேக்கல.

"வேலைக்குப் போறப்ப பிரசன்டேஷன் ஸ்கில் முக்கியம், இப்பவே பழக்கறாங்க"ன்னு ஒரு அண்ணன் நீளமா எழுதியிருக்கீங்க. என்னத்தப் பழக்கறீங்க? ஏஐ எழுதிக் குடுத்ததை மூச்சு விடாம வாசிச்ச புள்ளைக்கு முதல் பரிசு. அந்தப் பாப்பா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எதுக்குக் கைதட்டு விழுகுதுன்னு பாத்துப் புள்ளைக அதைச் செய்யுது. தோட்டத்துக்குப் போனவனுக்குச் சிரிப்பு, போகாதவங்களுக்குக் கோப்பை. அடுத்த வருசம் எவன் தண்ணி புடிக்கப் போவான்?

"நீ காலேஜ் வாசலை மிதிச்சு எத்தனை வருசம் ஆச்சு"ன்னு இன்பாக்ஸ்ல வந்தாரு ஒருத்தரு. ஆமாங்க, ரொம்ப வருசம் ஆச்சு. ஆனா ஃபீஸ் கட்டறது நாங்கதானுங்க. டொனேஷன், யூனிபார்ம், டைக்குத் தனியா, ஐவிக்கு, அதான் கம்பெனி சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறதுக்கு, தனியா. தறிச் சத்தத்துல காது மந்தமானவரு கட்டற காசு அது. அதை வாங்கறப்ப செருப்பா ஷூவான்னு யாரும் குனிஞ்சு பாக்கல.

பேரைச் சொல்லு, எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பையனுக்கு இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கு. ஃபான்ட் பத்தி இன்னும் பேசறதுன்னாப் பேசுங்க, ஆனா அந்தப் பட்டைகளப் பத்தி ஒரு வரி எழுதிட்டுப் பேசுங்க. இல்லைன்னா பிளாக்தான்.