பையன் வர்றான், காலி பண்ணுங்க

அக்ரிமென்ட் முடிகிற மாதம் நெருங்கினால் ஓனர் வீட்டில் யாராவது ஒருவர் ஊர் திரும்பியே தீர வேண்டும். சிலருக்கு அமெரிக்காவிலிருந்து பெண், சிலருக்குத் தங்கைக்குக் கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம். எங்கள் ஓனருக்குப் பெங்களூரிலிருந்து பையன். "அடுத்த மாசம் ஷிஃப்ட் ஆகி வர்றான்மா, அவனுக்கு மாடி போர்ஷன்தான் சௌகரியம், நீங்க வேற எடம் பாத்துக்குங்க." சரி, சொந்த வீடு, சொந்தப் பிள்ளை, நாம் என்ன சொல்ல முடியும் என்று தலையாட்டிவிட்டு வந்தோம். மகளின் பள்ளியை நினைத்து வயிறு கலங்கினாலும், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குக் கிடைத்த பரிசுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

குக்கர் விசில் போய்க்கொண்டிருக்கிறது, காலிங் பெல் அடிக்கிறது. திறந்தால் ஓனர். அவர் பின்னால் புரோக்கர். அவர் பின்னால் ஒரு தம்பதி, கூடவே ஒரு வயதான அம்மா. ஒரு ஃபோன் இல்லை, ஒரு வாட்ஸ்அப் இல்லை. "ஒரு நிமிஷம்தாம்மா, பாத்துட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார். செருப்போடு. நான் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் 18,000 ரூபாய் போட்டுக் குடியிருக்கும் வீட்டுக்குள், நான் துடைத்துக் காயாத தரையில், செருப்போடு.

ஹாலைப் பார்த்தார்கள். பால்கனியைப் பார்த்தார்கள். படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறந்து லைட்டைப் போட்டார்கள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுந்து மிரண்டுபோய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "பாப்பா, தூங்கு தூங்கு" என்று ஓனர் அவளுக்குச் சமாதானம் சொல்கிறார், லைட்டை அணைக்காமலே. அந்தப் பெண் சுவர் அலமாரியைத் திறந்தார். எங்கள் துணி இருக்கும் அலமாரி. உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்துவிட்டு "ஒரு ஷெல்ஃப் பத்தாதே" என்றார் கணவரிடம். பாத்ரூமுக்குள் போய் ஃப்ளஷ் அடித்துப் பார்த்தார்கள். கொடியில் என்னுடைய துணிகள் காய்கின்றன, அதற்கு அடியில் புரோக்கர் நின்றுகொண்டு ஹீட்டர் பாயின்ட்டைக் காட்டுகிறார். வயதானவர் அடுப்படிக்கு வந்து குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தார். "தண்ணி உப்பு கரிக்குமா?" ஓனர் சொல்கிறார், "சுத்தமான மெட்ரோ வாட்டர்மா." சித்திரை வைகாசியில் லாரித் தண்ணீருக்குப் பாதிக் காசு கேட்டு வாங்கியது யார்? இந்த மனிதர்தான்!

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஹாலில் வடக்குச் சுவரில் ஓதம். மழைக்காலம் வந்தால் சுவர் பூத்துப்போய், சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிரும். போட்டோ எடுத்து அனுப்பினோம், நேரில் சொன்னோம், கெஞ்சினோம். "பாக்கலாம்மா, மழை விடட்டும்." மழை விட்டது, மறுபடியும் வந்தது, மறுபடியும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பேசிக்கொண்டே போய், பக்கத்து ஆணியில் தொங்கிய எங்கள் மளிகைக் கடை காலண்டரைக் கழற்றி, ஓதம் பிடித்த இடத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். என் கண் முன்னால். என் காலண்டரை. மாட்டிவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டார், அவர்கள் ஹாலைத் தாண்டும்வரை நகரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கணவர் கேட்டார்: "சார், 24 கொஞ்சம் அதிகமா இருக்கே, 22 பண்ணிக்கலாமா?"

24,000! பையன் வருகிறான் என்றாரே, பையனுக்கா 24,000? "சார், உங்க பையன் வர்றதா சொன்னீங்களே" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்: "அவன் வர்றது வருவான்மா, அது வேற." அத்தோடு விட்டாரா? சுவரைத் தடவிப் பார்த்து, "இந்த ஆணியெல்லாம் நீங்க அடிச்சதா? காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குக் கழிச்சுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று அந்த அந்நியர்கள் முன்னால் எனக்குக் கணக்குச் சொன்னார். அவர் இப்போது காலண்டர் மாட்டினாரே, அந்த ஆணிதான் அது.

அவர்கள் போனபின் கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். ஏன் சார் பொய் சொன்னீங்க, கூடக் கொடுங்கன்னு கேட்டிருந்தா நாங்க யோசிச்சிருப்போமே என்றேன். அதற்கு வந்த பதில்: "அக்ரிமென்ட் முடிஞ்சா என் வீடு என் இஷ்டம். பத்தாந்தேதிக்கு மேல மோட்டார் போட மாட்டேன், பாத்துக்குங்க." மோட்டார் சுவிட்ச் அவர் போர்ஷனில் இருக்கிறது. அதாவது தண்ணீரை நிறுத்துவேன் என்கிறார். குழந்தை இருக்கிற வீட்டுக்கு.

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். நீங்களும் படியுங்கள், கொதிக்கும். தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று ஓனரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நாம் கேட்கலாம், அவர் ஒத்துக்கொண்டால் புது ஒப்பந்தம். ஒத்துக்கொள்ளாவிட்டால் இல்லை. சரி, அது அவர் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காலம் முடிந்த மறுநாளே பெட்டி படுக்கையைத் தெருவில் வைக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே வாடகை, அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் நீள்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குமேலும் போகவில்லை என்றால் ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். பூட்டுப் போடுவதோ சாமானை வெளியே எறிவதோ அவர் வேலை இல்லை.

தண்ணீர், கரன்ட் போன்ற அத்தியாவசியங்களை நிறுத்தக் கூடாது என்று தனிப் பிரிவே இருக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். வீட்டுக்குள் வர வேண்டுமானால் ஓனரே ஆனாலும் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில்! எங்கள் வீட்டில் செருப்போடு நடந்த ஊர்வலத்துக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? வாடகையை ஏற்றுவதானாலும் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இதில் ஒன்றாவது நம் ஓனர்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் மதிப்பார்களா?

இனிமேல்தான் என் ரத்தம் கொதிக்கிற இடம். இந்தப் பாதுகாப்பெல்லாம் கைக்கு வர வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோமே, அது போதாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினோரு மாதப் பழக்கமே. புதுச் சட்டத்தில் பதினோரு மாதமானாலும் பதிவு வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கேட்டால் நிற்காது. ஒப்பந்தமே போடவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடவும் அதிலேயே வழி இருக்கிறது.

நாங்கள் கேட்காமலா இருந்தோம்? குடிவந்த வருஷமே என் கணவர் கேட்டார். "சார், ஆன்லைன்லயே பதிஞ்சிடலாம், நானே அலையறேன்." ஓனர் முகம் மாறிவிட்டது. "நமக்குள்ள எதுக்கு சார் அதெல்லாம், குடும்பமா பழகறோம்." குடும்பமாம்! வருமான வரியில் வீட்டு வாடகைப் படிச் சலுகைக்காகப் பான் எண் கேட்டபோதும் இதே குடும்பப் பாட்டுதான். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் ஓனரின் பான் எண்ணைக் காட்ட வேண்டும். நாங்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுக்கிறோம். அவர் தர மாட்டார், வாடகை வாங்குகிறார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. அந்தச் சலுகை மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் போகிறது. அவர் மறைப்பதற்கு நாங்கள் காசு கட்டுகிறோம். அவர் பதிவு செய்ய மறுப்பார், பதிவு இல்லாததால் பாதுகாப்பு போவது எங்களுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

உடனே ஓனர்களுக்காகப் பரிந்து பேச ஒரு கூட்டம் வரும். "பழைய சட்டத்துல டெனன்ட் முப்பது வருஷம் நூறு ரூபாய் வாடகையில உக்காந்துட்டான், ஓனர் கோர்ட்டுக்கு நடந்தே செத்தான்." எத்தனையோ பேருக்கு அப்படி நடந்தது, தெரியும். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நானா உட்கார்ந்தேன்? ஒரு மாதம் வாடகை தவறியிருக்கிறதா? யாரோ யாருக்கோ செய்ததற்கு என் பாத்ரூமில் வந்து ஃப்ளஷ் அடிப்பதா?

அடுத்தது அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால். சென்னையில் எந்த ஒப்பந்தத்திலாவது வேறு மாதிரி எழுதாமல் இருப்பார்களா? ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிய ஊர் இது. எங்கள் ஒரு லட்சம் அவரிடம் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் புது வீட்டுக்காரர் சாவி கொடுக்கும் முன்னாலேயே அட்வான்ஸ் கேட்பார். அந்த ஒரு மாதத்துக்கு இன்னொரு லட்சத்துக்கு எங்கே போவது? நகையை வைப்பதா? இதுவரை எத்தனை குடும்பம் இப்படி வைத்திருக்கும்! போதாததற்குப் பெயின்ட் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது ஏதோ வேதத்தில் சொன்னதுபோல் ஆகிவிட்டது. ஓதம் பிடித்த சுவருக்கு நான் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

நாங்கள் போய்விடுவோம். பள்ளிக்கூடம் நடுவருஷத்தில் இருப்பதால் மட்டும்தான் அவகாசம் கேட்கிறோம், அதையும் எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மாடியில் இருந்துகொண்டு கீழ்வீட்டுக்குப் பதிவுத் தபால்! தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியதிலிருந்து ஓனர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். மோட்டார் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் ஓடுகிறது.

வீடு தேடுவது தனி நரகம், அதை எழுத ஆரம்பித்தால் விடியாது. "நான்வெஜ் சமைப்பீங்களா? மாமியார் கூட இருப்பாங்களா? விருந்தாளி வருவாங்களா? சொந்த ஊர் எது?" ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள இல்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாத வாடகையைப் புரோக்கருக்குக் கொடுத்து இந்தக் கேள்விகளை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேற்று மடிப்பாக்கம் பக்கம் ஒரு வீடு பிடித்திருந்தது. அளவான வாடகை, நாலு மாத அட்வான்ஸ், ஒப்பந்தத்தைப் பதியவும் ஒத்துக்கொண்டார்கள். சந்தோஷமாக டெம்போக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால், தெரு முனையில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். மண்ணை மேலே குவித்துவிட்டு ஆளைக் காணோம். "அக்கா, இதுல வண்டி எறங்காது, இங்கேருந்து தலையில தூக்கித்தான் போகணும், பீரோவுக்குத் தனி கூலி" என்கிறார் டெம்போக்காரர். அதிகாரிகளே, தெருவையே வெட்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்காக மூடாமல் விட்டுப் போகிறீர்களே, அந்தத் தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? சொத்து வரி மட்டும் அரை வருஷத்துக்கு ஒரு தடவை சரியாகக் கேட்கத் தெரிகிறதே, ஒரு லோடு மண் தள்ளி மூடத் தெரியாதா?