பிரசங்க மேடையில் 'கெத்து'

மட்டக்களப்பில் சில பாஸ்டர்மாருக்கு இப்போது என்ன பிடித்திருக்கிறதோ தெரியவில்லை. தாவீது 'மாஸ்', கோலியாத்து 'காலி', இயேசு 'வேற லெவல் ப்ரோ'. பின்வரிசைப் பொடியன்கள் தலையைக் குனிந்து சிரிக்கிறார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாஸ்டர் நினைக்கிறார். அந்தச் சொல் மேடைக்கு ஏறும்போது பொடியன்கள் அதைக் கைவிட்டே கனகாலம்.

சரி, வாலிபர் கூட்டத்தில் பேசட்டும். கல்லடியில் ஒரு செத்தவீடு. பெட்டிக்குப் பக்கத்தில் மனைவி அழுதுகொண்டிருக்கிறார். இவர் மைக்கைப் பிடித்து, "அண்ணன் செம கெத்தா வாழ்ந்தவர்" என்கிறார். பக்கத்திலிருந்த ஆச்சி, "என்ன மனே சொல்றார்?" என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

பேச்சுத்தமிழே கூடாது என்று யார் சொன்னது? 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்கூட நம் சனத்தோடு பேசத்தான் தமிழ் படித்தார். ஊர்ப் பேச்சில் பிரசங்கியுங்கள், ஆசையாகக் கேட்போம். இது சென்னைப் படத்துப் பேச்சு ஐயா! கொக்கட்டிச்சோலையில் யார் இப்படிக் கதைக்கிறார்கள்?

கிறிஸ்மஸ் வேறு வருகிறது. குழந்தை இயேசுவைத் தேடி வந்த அந்தச் சாஸ்திரிகளை என்ன பாடுபடுத்தப் போகிறாரோ.