தரைத்தளத்தைக் கவனியுங்கள்

நகர மையத்தில் பாதி காலியாகக் கிடக்கும் மனைகளில் கடைகளும் வீடுகளும் சேர்ந்த உயரமான கட்டடங்கள் வேண்டும் என்ற கட்டுரையின் கருத்தை முழுமனதாக ஆதரிக்கிறேன். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்ப் பாதை, பஸ் வசதி எல்லாம் ஏற்கெனவே உள்ள இடத்தை வாகன நிறுத்தமாக விட்டுவைப்பது பெரும் விரயம்.

ஆனால் எத்தனை மாடி என்பதைவிடத் தரைத்தளம் எப்படி அமைகிறது என்பதே எனக்கு முக்கியம். கனடாவின் வான்கூவர் நகரில் தெருவை ஒட்டித் தாழ்வான கட்டடம், அதன்மேல் சற்று உள்வாங்கி எழும் ஒல்லியான கோபுரம் என்று கட்டினார்கள். நடந்து போகிறவர் கண்ணில் கடைகளும் வாசல்களும்தான் படும். அதற்குப் பதிலாகத் தரைத்தளத்தில் நீண்ட வெற்றுச் சுவரும் வாகன நுழைவாயிலும் வைத்தால் அலுவலகம் முடிந்ததும் தெரு வெறிச்சோடிவிடும்.

பழைய சிறு கடைக்காரர்களால் புதுக் கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடியாது. அவர்களுக்கென்று சிறிய கடைகளை ஒதுக்குவதை, அனுமதி வழங்கும்போதே நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்.