35 அறைகள்தான், 36 அல்ல

‘த 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978) என்ற ஹாங்காங் குங்ஃபூ படத்தில் நாயகன் கார்டன் லியு, ஷாவோலின் கோயிலின் 36 பயிற்சி அறைகளின் சோதனைகளையும் கடந்து வெல்வதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கதைப்படி கோயிலில் இருப்பவை 35 அறைகளே. லியு நடித்த சான் தே அவற்றை முடித்த பிறகு, சாதாரண மக்களுக்கும் குங்ஃபூ கற்றுத்தரப் புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்கிறான், அதுதான் 36ஆவது.

சந்தேகம் இருந்தால் பின்பாதியைப் போட்டுப் பாருங்கள். இரட்டைக் கத்தி வீசும் துறவியிடம் தோற்று, மூன்று துண்டுக் கோலை உருவாக்கி ஜெயிக்கிறானே (படத்தின் ஆகச்சிறந்த சண்டை என்பேன்), அதை அடுத்து எந்த அறைக்குப் பொறுப்பேற்கிறாய் என்று தலைமைத் துறவி கேட்பார். அவன் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்.